ஒன்றும் வராத நாளையும் எழுதி வையுங்கள்!

பங்குனி மாத ஞாயிறு, காலை ஆறரை மணி. பழவேற்காடு பாலத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் நானும் நண்பரும் நின்றிருந்தோம். கையில் ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, செல்போன்.

தை மாதம் வந்திருந்தால் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு இழுத்தாற்போலப் பூநாரைகள் தெரிந்திருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. வடக்கே ஆந்திரப் பக்கம் மேயப் போயிருக்கலாம். வலசை கிளம்பியும் இருக்கலாம். சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஆனால், அரை மணி நேரத்தில் எங்கள் நோட்டில் ஏறியது இவ்வளவுதான்: பவளக்கால் உள்ளான் 11, சின்னக் கொக்கு 6, ஆலா 4, நீர்க்காகம் 2.

இறால் தடவிவிட்டுக் கரையேறினார் ஓர் இருளர் அம்மா. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கையால் சேற்றைத் துழாவிப் பிடிக்கிறவர்கள் அவர்கள்.

“பறவையே இல்ல... இன்னாத்த தம்பி எழுதிக்கினு கீறே?”

“இல்லைங்கிறதத்தாம்மா எழுதுறேன்.”

சிரித்தார். பறியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு கைப்பிடி இறால். “நெறைய கெடச்ச நாளு ஊருக்கே தெரியும். இந்த மாதிரி நாள யாரு எழுதி வெச்சாங்க?”

அந்தக் கேள்வி மனதில் தைத்தது. கோடையில் ஆற்றுநீர் வரத்து நின்றதும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து தூர்ந்துபோகும். கடல்நீர் வந்து போவது குறையும். ஏரி சுருங்கி உப்பு ஏறும். மீனும் இறாலும் உள்ளே வர வழியிருக்காது. அந்த ஆழமில்லாத தண்ணீரை நம்பித்தான் பறவையும் இருக்கிறது, பறியும் இருக்கிறது. குறைந்த நாட்களைக் குறித்து வைக்காவிட்டால், ‘முன்னே நிறைய இருந்தது’ என்ற பேச்சு மட்டும்தான் மிஞ்சும். பேச்சை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பறவைகளுக்காவது இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. ‘இ-பேர்ட்’ செயலியில் பட்டியலை முடிக்கும்போது, ‘அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்றால், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்குக் கண்ணில் படவில்லை என்று கணக்காகும். நூறு பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை இருக்கிறது என்று ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால், அது பெருகுகிறதா, அருகுகிறதா என்பது புரியும். 2023-ல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 வகைப் பறவைகளை எடை போட்டதில் இந்த முறைக்கும் பங்கு உண்டு. அதற்குக் கைகொடுத்தவை 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். எழுதியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மொத்தம் ஒன்பது வகை. பூநாரை கடைசிவரை இல்லை. ‘ஆம்’ என்று அழுத்தி அனுப்பினேன்.

இந்த ஞாயிறு நீங்களும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். காகமும் மைனாவும் மட்டும் வந்தால், அதையே எழுதுங்கள். அதுவும் கணக்குதான்.