ஏசி கேஸ் "தீர்ந்து" போகாது!

மார்ச் கடைசி வந்தால் சென்னை அடுக்குமாடிகளில் ஒரு சடங்கு தொடங்கிவிடும். ஏசியில் கூலிங் இல்லை என்று மெக்கானிக்குக்கு ஃபோன் போகும். அவர் வந்து மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்பு சொல்வார்: "கேஸ் தீர்ந்து போச்சு சார்." சார் பணத்தை எடுத்து நீட்டுவார். அடுத்த மார்ச்சில் அதே சார், அதே வசனம். பணம் மட்டும் கொஞ்சம் கூட!

கேஸ் என்ன ஸ்கூட்டர் பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்து போக?

அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. அள்ளுகிற பாத்திரம் அந்த கேஸ். உள்ளே ஆவியாகும், வெளியே போய் திரவமாகும், மறுபடி உள்ளே வரும். எல்லாம் மூடிய குழாய்க்குள். குளிர் நாடுகளில் இதே சுற்றைத் திருப்பி ஓட்டி, வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள். அதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். எந்தப் பக்கம் ஓடினாலும் கேஸ் செலவாவதில்லை. ஒழுங்காக நிரப்பிய கேஸ் குறைந்திருந்தால் அர்த்தம் ஒன்றுதான்: எங்கோ ஓட்டை!

சில நேரம் கேஸ் குறைந்தே இருக்காது. ஃபில்டரில் அடை அடையாகத் தூசி, அவுட்டோர் காயிலில் அழுக்கு, அதன் மேல் புறாக் கூடு... இவை போதும் கூலிங் குறைய. கழுவினால் சரியாகிவிடும். கழுவாமல் கேஸை ஏற்றினால் அளவு மிஞ்சும், கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் எகிறும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். அதை அடைத்து, வேக்குவம் போட்டு, கம்பெனி குறித்திருக்கும் எடைக்கு கேஸ் ஏற்ற வேண்டும். ஆனால் இதற்குச் சில மணி நேரம் ஆகும். சும்மா கேஸ் ஏற்ற அரை மணி போதும்.

உடனே "மெக்கானிக்குகள் ஏமாற்றுக்காரர்கள்" என்று கிளம்பிவிடுகிறார்கள். சிலர் அப்படித்தான். ஆனால் விலை வைத்தது யார்? மூன்று கொட்டேஷன் வாங்கி, அதில் அடிமாட்டு விலைக்குக் கையெழுத்துப் போட்டது குடியிருப்போர் சங்கம். அந்த விலையில் லீக் டெஸ்ட் கிடையாது. கத்திரி வெயிலில் ஒரே நாளில் பத்து வீடு பார்க்கிறவர், மூன்றாவது மாடி சன்ஷேடில் பெல்ட் கூட இல்லாமல் நின்றுகொண்டு, சோப்பு நுரையா தடவிக் கொண்டிருப்பார்?

காமர்ஸ் படித்தவர்கள் சங்கக் கணக்கு நோட்டை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். வருடா வருடம் ஏற்றிய கேஸ் 'பராமரிப்புச் செலவு' என்ற தலைப்பில் கூலாக உட்கார்ந்திருக்கும். எதைப் பராமரித்தார்கள்? ஓட்டையையா? அது செலவே இல்லை, நட்டம்!

அந்த நட்டம் நோட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. காற்றில் கலந்த ஒரு கிலோ ஆர்-410ஏ, நூறு வருடக் கணக்கில் சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். புது ஏசிகளில் வரும் ஆர்-32 கூட சுமார் 675 கிலோவுக்குச் சமம். பழைய ஆர்-22 ஓசோனையும் சேர்த்து அரிக்கும். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள், இந்தியாவும் 2021இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய யூனியன் சட்டப்படி, ஒழுகல் தெரிந்தால் தாமதிக்காமல் சரிசெய்தே ஆக வேண்டும். இங்கே ஒழுகலுக்கு வருடச் சந்தா கட்டுகிறார்கள்!

"ஓட்டை அடைக்கிற காசுக்கு இரண்டு தடவை கேஸ் போட்டுவிடலாமே" என்று ஒரு புத்திசாலி கேட்பார். மூன்றாவது, நான்காவது தடவைக்கு? கேஸ் குறைந்த ஏசி, அதே குளிருக்கு அதிக நேரம் ஓடித் தின்னும் கரண்டுக்கு? இதையெல்லாம் அவர் கூட்டுவதே இல்லை. காயிலே மாற்ற வேண்டிய கிழட்டு ஏசி என்றால் யோசிக்கலாம். தளர்ந்த ஒரு நட்டுக்கு யோசனை எதற்கு?

வழி ரொம்பச் சுலபம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில், மெக்கானிக்குக்கு மூச்சு விட நேரம் இருக்கும்போதே கூப்பிட வேண்டும். காயிலைக் கழுவி, உப்புக் காற்றில் அரித்த இடங்களையும் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லி, அந்த நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். பெல்ட்டும் கயிறும் சங்கத்தின் செலவு.

அதற்குப் பிறகும் யாராவது "கேஸ் தீர்ந்து போச்சு" என்றால், பர்ஸைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: "ஓட்டை எங்கே?"