சொட்டும் ஷவரும் வீராணத்துத் தண்ணீரும்

கடலூர் வீட்டில் ஷவர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிளம்பர் பார்த்தவுடனே, "மொத்தமா மாத்திடுங்க சார்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி அடியில் வாளி வைத்தேன். விடியும்போது பாதி வாளி.

பெரும்பாலும் கோளாறு ஷவர் தலையில் இருக்காது, சுவர்க்குழாய்க்குள் இருக்கும் வாசரில்தான். மேல்தொட்டி வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி ஸ்பிண்டிலை உருவினேன். ரப்பர் வாசர் கல்லாய் இறுகி, சுற்றிலும் உப்பு படிந்திருந்தது. அதையே கடையில் காட்டி, அதே அளவில் புதுசு வாங்கி மாட்டினேன். சொட்டு நின்றது. (செராமிக் கார்ட்ரிட்ஜ் உள்ள புதுக் குழாய் என்றால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.) ஒரு வாசருக்காக முழு ஷவரையும் பிடுங்குவது அநியாயம் என்பது என் கட்சி.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சிதம்பரத்துச் சிநேகிதர்களோடு உட்கார்ந்தால் பேச்சு வீராணத்துக்குத்தான் போகும். 2004 முதல் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் கொண்டுபோகிறார்களே என்று ஆற்றாமை. எனக்கும் உண்டு. போன வாரம் அப்படிக் கொதித்த ஒருவர் வீட்டில் கை கழுவப் போனேன். அங்கேயும் சொட்டு. அடுத்த முறை ஸ்பானரோடு போகலாமென்று இருக்கிறேன், கோபித்துக்கொள்வாரோ என்னவோ.