பைட்டர் மீனுக்குத் தேவை தீனி அல்ல, சூடு



எங்கள் வகுப்பறை ஜன்னலோரம் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் ஒரு நீலப் பைட்டர் மீன். டவுனில் வாங்கி ஒரு பிள்ளை கொண்டுவந்தது. மூன்றாவது வாரம் மீனின் வயிறு உப்பிவிட்டது. "சேர், மீனு முட்ட போடப் போகுது!" என்று வகுப்பே குதித்தது. நீளச் செட்டையோடு கடையில் விற்பது பெரும்பாலும் ஆண் மீன். அது எங்கே முட்டை போட? அதற்கு மலச்சிக்கல்.

போன வருஷமும் இப்படித்தான் ஒரு மீன் செத்தது. சோர்ந்து கிடக்கிறதே என்று இன்னும் இரண்டு உருண்டை தீனி போட்ட பிள்ளை, "நாந்தான் சேர் கொன்னுட்டேன்" என்று அழுதது. அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்த முறை தேடிப் படித்தோம்.

இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்து. 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயலும் சதுப்பும் உள்ள வெப்பமான இடத்தில் பிறந்தது. அதற்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வேண்டும். நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். ஹட்டன் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவே. எங்கள் போத்தலில் காலையில் வெப்பமானி வைத்தோம்: 17 பாகை!

மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதன் குடலும் மந்தமாகிவிடும். தின்றது செரிக்காமல் தங்கி, வயிறு வீங்கி, மீன் ஒரு பக்கம் சாய்ந்து நீந்தும். பசியால் சோர்கிறது என்று நினைத்து நாம் மேலும் போடுகிறோம். கொழும்பில் பிழைக்கும் மீன் இங்கே சாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எங்கள் மீனுக்கு நாங்கள் செய்தது இது. போத்தலிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றினோம். சிறிய ஹீட்டர் வைத்து, ஒரே அடியாக இல்லாமல் மெல்ல மெல்ல 26 பாகைக்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் மீனுக்கு நோன்பு, தீனியே இல்லை. பார்மசியில் எப்சம் உப்பு வாங்கி, அதே சூடுள்ள 4 லீற்றர் தண்ணீரில் 1 தேக்கரண்டி கரைத்து, 10 நிமிடம் விட்டு எடுத்தோம். கறியுப்பு இதற்கு உதவாது. நான்காம் நாள் காலை மீன் மலம் கழித்தது. வகுப்பே கைதட்டியது!

இப்போது தினம் இரண்டு மூன்று உருண்டைதான், அதுவும் சற்று நேரம் ஊறவைத்து. அதன் இரைப்பை அதன் கண்ணளவுதான் என்பார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் இல்லை. சோறு, பாண், பிஸ்கட் கூடாது. அது புழு பூச்சி தின்னும் மீன். நுளம்புப் புழு அதற்கு நல்ல உணவுதான், ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்காதீர்கள். டெங்கு வரும், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் கூட.

பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றவும் வேண்டாம். சுடுநீர் கலந்து, தொட்டிச் சூட்டுக்குச் சமமாக்கி ஊற்றுங்கள். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். இந்த மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அந்தக் காற்றும் குளிராமல் இருக்கத் தொட்டியை மூடுங்கள், ஆனால் சிறு இடைவெளி விடுங்கள். கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றி ரெஜிபோம் அல்லது கம்பளி.

செதில்கள் பைனஸ் காய் போல விரிந்து நின்றால் அது வெறும் மலச்சிக்கல் அல்ல. பெரும்பாலும் சிறுநீரகம் பழுதான அறிகுறி. பிழைப்பது கடினம். பிள்ளையிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

25 வாட் ஹீட்டர் நாள் முழுக்க எரிந்தாலும் 0.6 யூனிட்தான், மாதம் 18 யூனிட். லயத்து வீட்டுக்கு அதுவும் பாரம் என்பது எங்களுக்குத் தெரியும். முடியாவிட்டால் வாங்காமல் இருப்போம், அதில் வெட்கம் இல்லை. விற்பவர்களும் பொலித்தீன் பையைக் கையில் கொடுக்கும்போது "இதற்குச் சூடு வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே?

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நாம் மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். குளிரில் அடைத்துவைத்து ஊட்டிக்கொண்டே இருப்பதும் அந்தக் கொடுமைக்குத் தூரமில்லை. வாயில்லாச் சீவன் நம் கையில் உள்ள அமானிதம்.

போன வருஷம் அழுத பிள்ளையிடம் இந்த வாரம் சொல்லிவிட்டோம்: "நீ கொல்லல்ல மகன். அதுக்குக் குளிர். அது எங்களுக்கும் தெரியாமப் போச்சு." இப்போது காலையில் முதலில் வந்து வெப்பமானியைப் பார்ப்பது அந்தப் பிள்ளைதான்.