யாருடைய வாழ்க்கை வரலாறு?

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் பெயர்கள் கல்லறைகளில் இன்னும் நிற்கின்றன. வெளியே மீன்கூடை சுமக்கும் பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இப்பகுதி நூலகம் ஒன்றின் வாழ்க்கை வரலாற்று அலமாரியும் அப்படித்தான்: தலைவர்கள், மகான்கள், அத்தனை பேரும் ஆண்கள். பாமாவின் ‘கருக்கு’ (1992) கேட்ட என் மாணவியை, ‘பெண்கள் பகுதி’ என்று சமையல் புத்தகங்களிடம் அனுப்பினார்கள். ஈரான் புரட்சியையும் போரையும் ஒரு சிறுமியின் கண்ணால் வரைந்த மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’, படக்கதையாம், குழந்தைகளுக்காம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ பதிவேட்டிலேயே இல்லை.

தோழிகளே, 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நாம் கேட்பது சலுகை அல்ல. இந்த மூன்று புத்தகங்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.