பறவைக்கு யார் அனுமதி தருவது?

ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்காரும் எந்தக் கூட்டத்திலும், புத்தகத்தில் இருக்கும் சாதாரணப் பாத்திரம் எதுவும் எனக்கு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் ஒருவர் இருப்பார். ஒருவருக்கு ரத்தக் காட்டேரியாக வேண்டும், இன்னொருவருக்கு டிராகனாகவே ஆக வேண்டும். கதை சொல்லி, அரக்கர்களை ஆட்டுவித்து, விதிகளுக்குத் தீர்ப்பும் சொல்பவர் டன்ஜன் மாஸ்டர். ஆகவே இந்த விண்ணப்பமும் அவரிடமே போகிறது. அவர் ஒருவரே முடிவெடுப்பது சரியில்லை என்பது என் கட்சி. வாராவாரம் அந்த நாற்காலியில் உட்காருபவள் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

கேட்பதில் தப்பே இல்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே, டிராகனாகக்கூட ஆடலாம், ஆனால் பலமில்லாத குட்டியாகத் தொடங்கிப் படிப்படியாக வளர வேண்டும் என்று வழி விட்டிருந்தார்கள். அதற்கும் முன்பு, மினசோட்டாவில் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் சர் ஃபாங் என்ற ரத்தக் காட்டேரியாகிவிட்டார். அவரை அடக்க ஆளில்லாமல் போய்த்தான் காட்டேரியை விரட்டும் பூசாரிப் பாத்திரம் பிறந்தது. இன்று உலகம் முழுக்கக் காயம் ஆற்றிக்கொண்டிருக்கும் 'கிளெரிக்' அந்தப் பூசாரிதான். ஆனால் 1979-இல் எழுதிய கையேட்டில் கைகாக்ஸ் கறாராகிவிட்டார். அரக்கனாக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் மற்றவர்களை மிஞ்சவே கேட்கிறார்கள் என்பது அவர் சந்தேகம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

என் மேஜைக்கு வந்த விண்ணப்பம் ஒரு கல்லூரிப் பையனுடையது. "அக்கா, பறவை மனுஷன். ஆரகோக்ரா. புக்லயே இருக்கு." இருக்கத்தான் செய்கிறது. 2015-இல் வந்த விதிப்படி அதற்கு முதல் லெவலிலேயே ஒரு சுற்றுக்கு, அதாவது ஆறு விநாடிக்கு, 50 அடி பறக்கும் வேகம். மந்திரவாதி பறக்கும் மந்திரத்தைக் கற்க 5-ஆம் லெவல் வரை உயிரோடிருக்க வேண்டும். கற்றாலும் பத்து நிமிடம்தான், அதுவும் கவனம் சிதறாமல் இருந்தால். இவனுக்கோ பிறவியிலேயே ஓசி.

பறப்பவனைச் சண்டையில் யார் தொட முடியும் என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. கோப்ளின் அரக்கர்களிடம் வில் இருக்கிறது, 80 அடி வரை சிரமமில்லாமல் எய்யும். 50 அடி உயரத்தில் மயங்கினால், ஆறுமுகப் பகடை ஐந்தை உருட்டி வருகிற அடி மொத்தமும் விழும். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழெட்டு. அநேகமாகக் கதை முடிந்தது.

என் கவலையெல்லாம் எதிரே இருந்த பெண்ணைப் பற்றி. சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் செய்பவள், அதிகம் பேசமாட்டாள். அவள் பாத்திரம் ஒரு திருடி. கயிறு வீசுவாள், சுவர் ஏறுவாள், கூரை வழியாக இறங்குவாள். கோட்டைச் சுவர் வந்ததும் மேஜையே அவளைத் திரும்பிப் பார்க்கும். பறவை வந்துவிட்டால் கயிறு பையிலேயே கிடக்கும். ஆனாலும் அவள்தான் முதலில், "பரவாயில்லக்கா, அவன் பறக்கட்டும்" என்றாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் வடை வேண்டாம் என்பாரே, அந்தத் தொனி.

"சரி, அடுத்த சுவரை யார் ஏறப்போறீங்க?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் சத்தம். முடிவில் பையனே இறங்கி வந்தான். இறகு முழுதாக முளைக்காத குஞ்சாக வருகிறேன், மேலேயிருந்து மிதந்து இறங்குவேன், எழும்ப மாட்டேன், 5-ஆம் லெவலில் சிறகு முதிரட்டும் என்றான். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: அப்போதும் ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கக் கூடாது. பூனையைத் தூக்கலாமா என்று பேரம் நடந்தது. பூனைக்கு அனுமதி கிடைத்தது.

விதியை வைத்தே இதைத் தீர்த்துவிட, விளையாட்டை வெளியிடும் கம்பெனியும் முயன்று பார்த்தது. மூன்றாம் பதிப்புக் காலத்தில், வலுவான உயிரினத்தை எடுத்தால் சில லெவல் பின்தங்கியே ஆட வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். வித்தை நிறைய, உயிர்ப்புள்ளி சொற்பம் என்று ஆனதில் ஓரிரு அடியில் சுருண்டு விழுந்தவர்கள் ஏராளம். 2022-இல் ஆரகோக்ராவின் பறக்கும் வேகத்தை நடை வேகத்துக்கே இறக்கினார்கள். 30 அடி வேகத்தில் பறந்தாலும் கோட்டைச் சுவரைத் தாண்டிவிடலாமே! அந்தத் திருடியின் கயிறு எந்தப் புத்தகக் கணக்கில் வரும்?

நான் மறுக்கிற இடமும் உண்டு. 1988-இல் ஆர். ஏ. சால்வடோர் தன் நாவலில் டிரிஸ்ட்டை அறிமுகப்படுத்தினார். கொடிய இனத்தில் பிறந்த நல்லவன், கையில் இரட்டை வாள். அவனுக்குப் பிறந்த நகல்களுக்குக் கணக்கில்லை. நகல் என்பதற்காக மறுக்கமாட்டேன். சத்திரத்து மூலையில் தனியாக உட்கார்ந்து யாரோடும் சேரமாட்டேன் என்று வந்தால், யாரையும் கேட்காமல் நானே முடியாது என்பேன். சனிக்கிழமையை ஒதுக்கிக்கொண்டு வந்தவர்கள் மூலையில் இருப்பவரைத் தாஜா பண்ணியே பொழுதைக் கழிக்க வேண்டுமா என்ன?

அதையும் முதல் பகடை உருளும் முன்பே, காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். சில டன்ஜன் மாஸ்டர்கள் மூஞ்சிக்கு நேரே சரி என்றுவிட்டு, அப்புறம் கதை முழுக்கக் கூரை தாழ்ந்த குகையாகவே பார்த்துப் பார்த்து வைப்பார்கள்.