யார் ஜவாப்தாரி?

சர்க்கார் பணம் பாழாய்ப் போனால் அதற்கு யார் ஜவாப்தாரி என்று கேட்டால், மந்திரி காரியதரிசியைக் காட்டுகிறார். காரியதரிசி மந்திரியைக் காட்டுகிறார். பண்ணையில் நெல் குறைந்ததற்குக் காரியஸ்தனும் கணக்குப்பிள்ளையும் இப்படி ஒருவரையொருவர் காட்டினால் பண்ணைக்காரன் சும்மாயிருப்பானா? இருவரையும் எதிரெதிரே நிறுத்தியல்லவா விசாரிப்பான்? இந்தச் சாதாரண அறிவு பொதுப்பணத்தின் விஷயத்தில் மாத்திரம் நமக்கு ஏன் வரக்கூடாது என்று கேட்கின்றோம்.

1957-ஆம் வருஷத்திய சங்கதியைப் பாருங்கள். ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் ஏற்பட்டு ஒரு வருஷம் முடிவதற்குள், பாலிசிதாரர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், முந்திரா என்கின்ற முதலாளியின் 6 கம்பெனிப் பங்குகளில் கொட்டப்பட்டது. முதலீட்டுக் கமிட்டியையும் கலந்துகொள்ளவில்லை. பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் கேள்வி கிளப்பினார். 1958-இல் நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதிமந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி, தாம் சம்மதம் கொடுக்கவில்லை என்றார். நிதிக் காரியதரிசி எச்.எம்.பட்டேல், மந்திரியின் சம்மதம் உண்டு என்றார். காரியதரிசியின் செய்கைக்கு மந்திரியே ஜவாப்தாரி என்று சாக்ளா தீர்ப்புரைத்தார். மந்திரி ராஜினாமாச் செய்தார்.

இதோடு ஒழிந்ததா? 1963-இல் அவரே மறுபடியும் நிதிமந்திரி. 1977-இல் அந்தக் காரியதரிசியும் நிதிமந்திரி! பாலிசிதாரன் கண்டது என்ன?

இந்த வழக்கின் சாரமெல்லாம் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. சம்மதம் எழுத்தில் இருந்திருந்தால் நீதிபதிக்கு வேலையே இருந்திராது. வாய்மொழி உத்தரவைப் பிற்பாடு எழுத்தில் வாங்கவேண்டுமென்று 1968-ஆம் வருஷத்து அகில இந்திய உத்தியோகஸ்தர் நடத்தை விதிகள் சொல்லுகின்றன. அப்படியிருந்தும், வாய்மொழி உத்தரவின்மேல் நடக்கக்கூடாதென்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லவேண்டி வந்ததென்றால், அவ்விதி எவ்வளவு யோக்கியமாய் நடந்துவந்தது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பார்லிமெண்டில் பதில் சொல்லுகிறவர் மந்திரி. அங்கு காரியதரிசிக்கு வாயில்லை. பொதுக் கணக்குக் கமிட்டியின் முன் வருகிறவர் காரியதரிசி. அங்கு மந்திரியை அழைப்பதில்லை. இருவரும் ஒரே சபையில் எதிரெதிரே நிற்பதே கிடையாது. சாக்ளா விசாரணையில் உண்மை வெளிவந்ததற்குக் காரணம், இருவர் வாக்குமூலத்தையும் ஜனங்கள் ஒரே இடத்தில் கேட்டதுதான்.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டே. ஒவ்வொரு உத்தரவும், அதற்குக் காரியதரிசி சொல்லும் ஆட்சேபணையும் எழுத்தில் இருக்கவேண்டும். தப்பு நேர்ந்தால் இருவரையும் ஒரே கமிட்டி முன் பகிரங்கமாய் நிறுத்தவேண்டும். இதற்குச் சம்மதியாத மந்திரியும் உத்தியோகஸ்தரும் எதை மறைக்கிறார்கள் என்று கேட்க, வரி கொடுக்கும் ஒவ்வொருவனுக்கும் பாத்தியமுண்டு.