பாம்புக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஜுவாலஜி படிக்கிற உங்க தோழி, 'கூடவே பி.பி.ஏ.வும் படிக்கிறேன்'னு சொன்னா என்ன சொல்வீங்க? 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்'னுதானே? இன்ஜினீயரிங் திமிர்ல நானும் அதைத்தான் சொன்னேன்.

தாம்பரத்துல என் ஸ்கூல் தோழி பகல்ல பி.எஸ்ஸி., ராத்திரியில தொலைநிலைக் கல்வியில பி.பி.ஏ. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு 2022-ல யு.ஜி.சி. பச்சைக்கொடி காட்டிடுச்சு. ஆனா, வீட்டுல காட்டலையே! 'ரெண்டுல ஒண்ணை விடு'ன்னு அப்பா சொல்லிட்டார். பரீட்சை ஃபீஸ் கட்ட ஒரு வாரம்தான் பாக்கி.

அந்த ஞாயித்துக்கிழமை என்னை வண்டலூர், கேளம்பாக்கம் வழியா ஈ.சி.ஆர். பக்கம் இருக்கிற வடநெம்மேலிக்கு இழுத்துட்டுப் போனா. முதலைப் பண்ணைக்குள்ளே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் பாம்புத் தோல் வியாபாரம் நின்னுபோக, பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978-ல ஆரம்பிச்சது. இந்த மக்கள்ல மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சது ஞாபகம் இருக்கா?

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்... நாலோட விஷத்தையும் எடுத்து, உலர்த்தி, விஷமுறிவு மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்கு விக்கிறாங்க. பாம்பை 21 நாள் வெச்சிருந்து, நாலு தடவை விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடணும். எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு சொல்றது அரசாங்கம்.

"சுருட்டை விரியன் ஒரு தடவைக்குத் தர்ற விஷம் நல்லபாம்பைவிட ரொம்பக் கம்மி. பிடிக்கிறதுக்கும் கணக்கு இருக்கு. இப்போ ஒரு கிராமுக்கு என்ன விலை வைப்பே?" தோழி கேட்டா. முழிச்சேன்.

"பாம்பு மட்டும் தெரிஞ்சா சங்கம் நஷ்டமாகும். கணக்கு மட்டும் தெரிஞ்சா, இன்னும் ரெண்டு தடவை விஷம் எடுன்னு சொல்லி பாம்பைக் கொன்னுடுவோம். எனக்கு ரெண்டும் வேணும்டா!"

சுளீர்னு இருந்துச்சு. இதுல ஆறு எது, சேறு எது?

அதுக்காக நாளைக்கே ரெண்டாவது டிகிரிக்கு அப்ளிகேஷன் போட்டுடாதீங்க. ரெண்டு பரீட்சையும் ஒரே மாசத்துல வந்து மோதும். தூக்கம் போகும். சேர்ற கோர்ஸுக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கான்னு முதல்ல பாருங்க. அதைவிட முக்கியம், ரெண்டு படிப்பும் சந்திக்கிற ஒரு இடத்தை நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்படி ஒரு இடம் கண்ணுல படலைன்னா, உங்களுக்குக் கிடைக்கப்போறது ரெண்டு சர்ட்டிஃபிகேட் மட்டும்தான்.

தோழி? ஃபீஸ் கட்டிட்டா. அப்பா இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. அடுத்த ஞாயிறு அவரையும் வடநெம்மேலிக்குக் கூட்டிட்டுப் போறாளாம். எனக்கென்னவோ, சுருட்டை விரியன் கேள்வியில அவரும் முழிப்பார்னுதான் தோணுது!